கணக்கில் ஏறாத கோல்கள்

விளையாட்டில் தனிமனிதச் சாதனை என்பது மைதானத்தில் நிகழ்ந்து அங்கேயே முடிந்துவிடுவது என்று பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில் அது மைதானத்தில் பாதிதான் நிகழ்கிறது. மறுபாதி, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு மேசையின் முன் அமர்ந்து எழுதுகிறவரின் தாளில் நிகழ்கிறது. அந்தத் தாள் இல்லாத இடத்தில் ஆட்டம் உண்டு, ஆட்டக்காரர் உண்டு, ஆரவாரம் உண்டு. சாதனை மட்டும் இருப்பதில்லை. குமரி மாவட்டத்துக் கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றை எழுத முனைகிற எவரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

இங்கு பெரும்பாலும் இலக்கியமே பேசுகிறோம். பந்தாட்டக் கணக்குக்கு இங்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பதிவு, பதிவின் விதி, பதிவின் இழப்பு ஆகிய மூன்றும் ஏட்டுச்சுவடிக்கு எவ்வளவு உரியவையோ அவ்வளவு ஆட்டத்துக்கும் உரியவை. ஆகவே பொறுத்தருள்க.

1

கல்லூரி ஆட்டக்காரர்களின் தனிக்கணக்கை உலகிலேயே மிக விரிவாக எழுதி வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், ஏந்தி வருபவனைத் தடுத்து வீழ்த்துவதுமான ஆட்டம் அது. ஆயினும் அதன் தொடக்கம் நம் ஆட்டத்துக்கு நெருக்கமானது. 1869 நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகள் மோதிய ஆட்டத்தையே அவர்கள் முதல் கல்லூரி ஆட்டமாகக் கொள்கிறார்கள். அதில் அணிக்கு 25 பேர் ஆடினார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓட அனுமதி இல்லை. ரட்கர்ஸ் 6–4 என வென்றது.

பின்னர் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் என்பவரின் முயற்சியால் விதிகள் மாறின. 1880இல், ஒவ்வொரு முறையும் பந்து ஓர் அணியின் வசம் ஓரிடத்தில் வைக்கப்பட்டு, அங்கிருந்து ஆட்டம் தொடங்கும் முறை வந்தது. 1882இல், மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று விதித்தார்கள். ஐந்து கெஜத்தை அளப்பதற்காக மைதானம் முழுவதும் குறுக்குக் கோடுகள் விழுந்தன. அடுப்பின் மேல் வைத்து இறைச்சி வாட்டும் கம்பித்தட்டைப் போல மைதானம் காட்சியளித்ததால் அந்தப் பெயரே அவ்வாட்டத்துக்கு இன்னொரு பெயராயிற்று. 1906இல் பந்தை முன்னோக்கி எறியும் அனுமதி வந்தது. 1912இல் நான்கு முயற்சிகள், பத்து கெஜம் என்ற இன்றைய கணக்கு நிலைபெற்றது.

இந்த விதிமாற்றங்களின் விளைவை யாப்பு படித்தவர்கள் எளிதில் உணரலாம். தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டம் அசையாகவும் சீராகவும் அடியாகவும் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு முயற்சிக்கும் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, இடையே கடந்த தொலைவு உண்டு, அதைக் கடந்தவரின் பெயர் உண்டு. பிரித்தவை எல்லாம் எண்ணத்தக்கவை ஆயின. ஓடிக் கடந்த கெஜம், எறிந்து கடந்த கெஜம், பிடித்த பந்துகள், தடுத்து வீழ்த்திய முறைகள் என ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயருக்குக் கீழும் எண்கள் குவிந்தன. நம் கால்பந்து அவ்வாறு பிரிபடாத ஆட்டம். தொண்ணூறு நிமிடங்கள் ஒரே நீரோட்டமாகப் போகிறது. அதில் எளிதில் எண்ணத்தக்கது கோல் ஒன்றுதான். அந்த ஒன்றையும் எழுதாமல் விட்டால் மிஞ்சுவது ஏதுமில்லை.

2

அமெரிக்கரின் பதிவேட்டைக் கண்டு வியப்பவர்கள் அதன் விதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கும் எண்ணுபவர் எதை எண்ணுவது என்று முடிவு செய்த பின்னரே சாதனை பிறக்கிறது.

அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம் 1937ஆம் ஆண்டு முதலே கால்பந்துப் புள்ளிவிவரங்களை அதிகாரபூர்வமாகத் தொகுத்து வருகிறது. அதற்கு முன் நடந்தவை, அவை எவ்வளவு பெரியவையாயினும், அந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை. 1916இல் ஜார்ஜியா டெக் அணி கம்பர்லேண்டு கல்லூரியை 222–0 என வென்றது. அன்று ஓடிய கால்களின் கணக்கு அதிகாரபூர்வத் தனிச்சாதனைகளின் காலத்துக்கு முற்பட்டது.

இன்னொரு விதி மேலும் நுட்பமானது. பருவ ஆட்டங்கள் முடிந்தபின் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் தனி ஆட்டங்கள் அங்கே உண்டு. அவற்றைப் பௌல் ஆட்டங்கள் என்பர். பல்லாண்டுகளாக அவை காட்சி ஆட்டங்களாகவே கருதப்பட்டன. ஆகவே அவற்றில் ஒருவர் எடுத்த எண்கள் அவருடைய தனிக்கணக்கில் சேரவில்லை. 2002ஆம் ஆண்டு முதல் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஆடியவர்களுக்குப் பின்னோக்கிச் சேர்க்கவில்லை.

இதன் விளைவைக் காண இரு சான்றுகள் போதும். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரி சாண்டர்ஸ் 1988ஆம் ஆண்டுப் பருவத்தில் 11 ஆட்டங்களில் 2,628 கெஜம் ஓடினார். ஒரே பருவத்தில் ஓடிக் கடந்த தொலைவில் இன்றும் அதுவே முதலிடம். அந்தப் பருவத்தின் இறுதியில் ஹாலிடே பௌல் ஆட்டத்தில் அவர் மேலும் 222 கெஜம் ஓடியிருந்தார். அது கணக்கில் ஏறவில்லை. 2024இல் பாய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஜென்ட்டி அந்தச் சாதனையை நெருங்கினார். 14 ஆட்டங்களில் 2,601 கெஜம் ஓடி, 27 கெஜம் குறைவாக நின்றார். அவருடைய கணக்கில் பருவத்துக்குப் பிந்தைய ஆட்டமும் அடங்கும். இருவரையும் ஒரே விதியால் அளந்தால் சாண்டர்ஸின் எண் 2,850 ஆகும். இடைவெளி 249 கெஜமாக விரியும்.

சாண்டர்ஸுக்கு முதலிடமாவது நிலைத்தது. ரான் டேனுக்கு அதுவும் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக 1996 முதல் 1999 வரை ஆடிய அவர் நான்கு ஆண்டுகளில் மொத்தம் 7,125 கெஜம் ஓடினார். அவற்றுள் 728 கெஜம் பௌல் ஆட்டங்களில் ஓடியவை. அவை கழிக்கப்பட, அதிகாரபூர்வமாக அவருக்கு நின்றது 6,397. 2016 டிசம்பரில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டானல் பம்ஃப்ரி தம் கடைசி ஆட்டத்தில் 6,405ஐ எட்டினார். அந்தக் கடைசி ஆட்டம் ஒரு பௌல் ஆட்டம்! பம்ஃப்ரியின் கணக்கில் அது சேரும். டேனின் கணக்கில் சேராது. எட்டு கெஜ வேறுபாட்டில் முதலிடம் கைமாறியது. விஸ்கான்சின் தன் சொந்த ஏட்டில் 7,125 என்றே எழுதிக்கொள்கிறது. ஒரே மனிதரின் ஒரே ஓட்டத்துக்கு இரு ஏடுகளில் இரு எண்கள்.

இங்கே யாரும் பொய் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரு எண்களும் மெய். பாடபேதம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு சுவடியில் ஒரு பாடம், மறு சுவடியில் மறு பாடம். பதிப்பாசிரியர் எதை மேலே வைக்கிறார், எதை அடிக்குறிப்பில் வைக்கிறார் என்பதில் வரலாறு தீர்மானமாகிறது. ஆயினும் அவர்களுக்குப் பாடபேதம் கிடைக்கிறது. காரணம், சுவடி இருக்கிறது.

3

இனி நம் கரைக்கு வருவோம்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கால்பந்தைப் 'பந்துகளி' என்பார்கள். திருவட்டாற்றிலிருந்து மார்த்தாண்டம் கடந்து மேற்கே இறங்கினால் ரப்பர் தோட்டங்கள் முடிந்து தென்னை வரும். தென்னை முடிந்து கடல் வரும். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை எனத் தொடரும் அந்த எட்டு ஊர்களின் மணலில் பந்து உருளாத மாலைப்பொழுது குறைவு. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள் என்று பெயர்பெற்ற ஊர்கள் அவை. கரையில் இருக்கும் நாட்களில் அவர்களுடைய கலை பந்து.

கல்லூரிகளும் இம்மாவட்டத்தில் முன்னரே தோன்றிவிட்டன. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893இல் கல்லூரியாயிற்று. தெ.தி. இந்துக் கல்லூரி 1952இல் வந்தது. மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி 1964இல் வந்தது. ஆட்டக்காரரும் உண்டு, கல்லூரியும் உண்டு எனில் பதிவு ஏன் இல்லை?

முதற்காரணம் அரசியல் வரலாறு. 1893இல் தொடங்கிய கல்லூரி முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நின்றது. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபின் இப்பகுதி அதன் கீழ் வந்தது. 1956 நவம்பர் 1இல் தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து குமரி மாவட்டம் ஆனபின் மீண்டும் சென்னை. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம். 1990இல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். நூறாண்டுகளுக்குள் சென்னை, திருவனந்தபுரம், மீண்டும் சென்னை, மதுரை, திருநெல்வேலி என்று தலைமையிடம் மாறியது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழக அணிக்கு ஆட்களைத் தேர்வதும் அதுவே. எனவே ஒரே மைதானத்தில் ஆடிய மூன்று தலைமுறை மாணவர்களின் ஆட்டத் தாள்கள், எங்காவது எஞ்சியிருந்தால், நான்கு நகரங்களில் சிதறிக் கிடக்க வேண்டும். தந்தை ஆடியது ஒரு பல்கலைக்கழகத்துக்கு, மகன் ஆடியது இன்னொன்றுக்கு. கல்லூரியின் ஏடு என்று ஒன்று தனியாக இல்லாவிட்டால் இவர்களை ஒரே பக்கத்தில் அமர்த்த வேறு வழியில்லை.

இரண்டாம் காரணம் போட்டியின் அமைப்பு. அமெரிக்கக் கல்லூரி அணிக்கு ஒரு பருவத்தில் இத்தனை ஆட்டங்கள் என்று முன்னரே வகுத்துவிடுகிறார்கள். தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. நம் கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பவை. முதல் சுற்றிலேயே தோற்ற அணியின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கு அந்த ஆண்டில் ஓர் ஆட்டம்தான். அவர் அதில் இரண்டு கோல் அடித்து அணி 2–3 எனத் தோற்றிருக்கலாம். நல்ல அணியில் இடம் பெற்ற சராசரி ஆட்டக்காரர் ஆறு ஆட்டங்களில் மூன்று கோல் அடித்திருக்கலாம். வெறும் மொத்தத்தைப் பார்த்தால் பின்னவரே பெரியவர். ஆகவே நமக்கு வேண்டிய ஏட்டில் கோலோடு ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையும் இருந்தாக வேண்டும். ஒரு பந்தியில் எண், மறு பந்தியில் அந்த எண்ணுக்கு உரிய வாய்ப்பு.

மூன்றாம் காரணம் நம் எழுத்துப் பழக்கம். பழைய கல்லூரி ஆண்டு மலர்களைப் புரட்டியவர்கள் இதை அறிவார்கள். அணியின் குழுப்படம் இருக்கும். கீழே 'அமர்ந்திருப்போர், நிற்போர், இடமிருந்து வலம்' என்று முன்னெழுத்தோடு பெயர்கள் இருக்கும். முதல்வர் நடுவில் அமர்ந்திருப்பார். விளையாட்டு அறிக்கையில் 'இறுதியாட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வாகை சூடினோம்' என்ற வரியும் இருக்கும். அந்த இரண்டை அடித்தவர் யார் என்பது மட்டும் இராது. அதே மலரில் கோப்பையை வழங்கிய சிறப்பு விருந்தினரின் பெயர் பட்டங்களோடு முழுமையாக அச்சாகியிருக்கும்! அணி வென்றது, கல்லூரி பெருமை கொண்டது, விருந்தினர் வாழ்த்தினார். இந்த மூன்றும் எழுதத்தக்கவை என்று கருதிய மனம், கோல் அடித்தவரின் பெயரைத் தற்பெருமையாகக் கருதி விட்டுவிட்டது போலும்.

மலர்களின் நிலையும் நாமறிந்ததே. நூலகங்களில் இடம் போதாதபோது முதலில் கட்டி எடுத்துப் போடப்படுபவை அவை.

4

இனி ஒரு வாதம் எழக்கூடும். 'மக்கள் நினைவில் இருக்கிறதே, அது போதாதா?' என்று. திருவட்டாற்றுத் தேநீர்க்கடையொன்றில் முதியவர் ஒருவரிடம் பழைய ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்டேன். "அவன் அடிச்ச கோலை எண்ண ஆளு கிடையாது சாரே" என்றார். அதைவிடப் பெரிய புகழ்ச்சி இல்லை. ஆனால் அதன் சொற்பொருளும் அதேயளவு மெய்: எண்ண ஆள் இல்லை. அருகில் அமர்ந்திருந்த இன்னொருவர் வேறொரு பெயரைச் சொன்னார். இருவரும் அரைமணி நேரம் வாதிட்டார்கள். தீர்ப்புச் சொல்ல ஓர் ஏடும் இல்லை.

நினைவு பெரிய ஆட்டக்காரரைக் காக்கும், சற்றே மிகுத்தும் காக்கும். அடுத்த நிலையில் உள்ளவரை அது கைவிடும். நாட்டின் மிக உயர்ந்த ஆட்டங்களிலேயே இது நடந்திருக்கிறது. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரான்சிடம் 1–2 எனத் தோற்றது. இந்தியரில் பலர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. அவை வீணான கதையைச் சொல்பவர்கள் பலர். அன்று இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன் என்று சொல்பவர்கள் சிலரே. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது.

கடைசி ஒலிம்பிக் கோலின் நிலை இன்னும் வியப்பானது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவிடம் இந்தியா 1–3 எனத் தோற்றது. அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவில்லை. அந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜ் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதி வந்திருக்கின்றன. வேறு சில புள்ளிவிவரப் பட்டியல்கள் துளசிதாஸ் பலராமின் பெயரைக் காட்டுகின்றன. உலகமே பார்த்த ஒலிம்பிக்கில், ஓர் அணிக்கு ஒரே கோல் விழுந்த ஆட்டத்தில், அடித்தவர் பெயரில் பாடபேதம்! எனில் ஒரு மாவட்டத்துக் கல்லூரிப் போட்டியின் காலிறுதியில் யார் அடித்தார் என்பதை நினைவின் பொறுப்பில் விடுவது எத்தகைய துணிச்சல்?

எழுதப்பட்ட கணக்கு என்ன செய்யும் என்பதற்கும் சுந்தர்ராஜின் வாழ்விலேயே சான்றுண்டு. 1973 டிசம்பரில் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. கேரளம் ரயில்வேயை 3–2 என வென்று முதன்முறையாக அக்கோப்பையைக் கைப்பற்றியது. பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ். மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அரை நூற்றாண்டு கடந்தும் அங்கே பந்தாட்டம் பேசுகிற எவரும் இந்த மூன்றையும் பிழையின்றிச் சொல்வார்கள். மறுநாள் பத்திரிகைகள் எழுதின. ஆண்டுதோறும் மீண்டும் எழுதின. எழுத்து நினைவைத் திருத்திக்கொண்டே வந்தது.

எதை எண்ணுவது என்ற சிக்கல் நம் ஆட்டத்துக்கும் உண்டு. 1969 நவம்பர் 19இல் மரக்கானா அரங்கில் பெலே தம் ஆயிரமாவது கோலை அடித்தார் என்று உலகம் கொண்டாடியது. அந்த ஆயிரத்தில் நட்பு ஆட்டங்களின் கோல்களும் ராணுவ அணிக்காக அடித்த கோல்களும் அடங்கும். போட்டி ஆட்டங்களை மட்டும் எண்ணுபவர்கள் வேறு தொகை சொல்கிறார்கள். ஆயினும் அவர்கள் ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்ட முடிகிறது. ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனியே எழுதப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். தவறான மொத்தத்தைக்கூட நல்ல குறிப்புகளைக் கொண்டு பிற்காலத்தவர் திருத்திக்கொள்ளலாம்.

கோல் அடிக்காதவர்களின் கணக்கு இன்னும் கடினம். 1948 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற திருவல்லா பாப்பன் எனப்படும் டி.எம். வர்கீஸ் நம் பழைய திருவிதாங்கூர்க்காரர். பின்களத்தில் நின்று காத்தவர். அவர் தடுத்த பந்துகளுக்கு எண் ஏது? ஆடிய ஆட்டங்கள் எத்தனை, அவற்றில் அணி வாங்கிய கோல்கள் எத்தனை என்று எழுதினால்தான் காப்பவருக்கும் ஓர் அடையாளம் கிடைக்கும்.

5

இவையெல்லாம் பழம்பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. இன்று கல்லூரியில் ஆடுகிற மாணவருக்கு இதில் சோற்றுப் பிரச்சினை இருக்கிறது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும் ஒருவர் தரவேண்டிய சான்றிதழ்ப் படிவங்கள் வகைவகையானவை. நாட்டுக்காக ஆடியவருக்கு ஒன்று, மாநிலத்துக்காக ஆடியவருக்கு ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு ஒன்று. கல்லூரி மாணவருக்கு உரியது மூன்றாம் படிவம். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர், போட்டியின் பெயர், இடம், நாள், பெற்ற நிலை ஆகியவற்றுக்கு இடமுண்டு. அவர் முழுநேரமும் ஆடினாரா, மாற்று ஆட்டக்காரராக அமர்ந்திருந்தாரா, எத்தனை கோல் அடித்தார் என்பவற்றுக்கு இடமில்லை. பல்கலைக்கழக அணிக்குள் நுழையாதவருக்கு அந்தத் தாளும் இல்லை. தம் கல்லூரிக்காக மூன்றாண்டுகள் முன்களத்தில் ஆடி, தேர்வு நடந்த நாளில் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு மாணவருக்கு எதைக் காட்டித் தம்மை நிறுவ முடியும்? கல்லூரி ஏடு ஒன்று இருந்தால் அதன் ஒரு பக்கத்தைப் படியெடுத்துக் கொடுக்கலாம். ஒதுக்கீட்டு விதிகளை அது மாற்றாது. ஆயின் ஒரு சங்க அணியின் பயிற்சியாளர் அதைப் பார்ப்பார்.

இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜின் பாதையை நினைத்துப் பார்க்கலாம். சென்னை சிட்டி அணிக்காக ஆடி, 2017–18 ஐ-லீக் பருவத்தின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரராகத் தேர்வானார். 2019இல் இந்திய அணியில் இடம்பெற்றார். அவர் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்த நாள் முதல் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் இருக்கிறது: எந்த ஆட்டம், எந்த நிமிடத்தில் இறங்கினார், எப்போது வெளியேறினார், என்ன அடித்தார். அந்த வாசலுக்கு வெளியே, அதே மணலில் அவரோடு ஆடியவர்களின் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. வாசலைத் தாண்டியவர் ஒருவர் என்றால் தாண்டாதவர் எத்தனை பேர் என்பதற்கும் கணக்கில்லை.

பெண்களின் நிலை இதனினும் தாழ்ந்தது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசிய வாகையர் பட்டம் வென்றது. அத்தகைய அணிக்குப் பின்னால் எத்தனை கல்லூரி மைதானங்கள் உழைத்திருக்க வேண்டும்! ஆண்கள் அணிக்கே ஏடில்லாத கல்லூரியில் பெண்கள் அணிக்கு அந்தக் குழுப்படமும் அரிது.

இந்தக் கடற்கரைக்குப் பெயர்ப்பட்டியலின் அருமை தெரியும். 2017 நவம்பர் 30 முதல் ஒக்கிப் புயல் எடுத்துக்கொண்ட உயிர்களின் தொகையில் அரசு சொன்னதற்கும் கரையில் இருந்தவர்கள் சொன்னதற்கும் வேறுபாடு இருந்தது. பட்டியலில் ஒரு பெயர் ஏறுவது எத்தனை பெரிய காரியம் என்பதை அந்த வீடுகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

6

எழுதும் பழக்கம் நமக்குப் புதிதன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல் தமிழி எழுத்தில் ஆனது. ஆநிரை கவர்ந்த பூசல், அது நடந்த ஊர், அதில் தொடர்புடைய வீரனின் பெயர் ஆகியவற்றைச் சில சொற்களில் சொல்லி முடித்துவிடுகிறது. யார், எங்கே, எதில் என்ற மூன்றும் அதில் உண்டு. அந்தப் பூசலை நடத்திய தலைவன் யார் என்று நமக்குத் தெரியாமல் போனாலும் அந்த வீரனின் பெயர் தெரிகிறது. மேலே சொன்ன ஆண்டு மலரின் முறைக்கு நேர் எதிரானது இது.

நம் மாவட்டத்தின் வரலாறே கணக்கேடுகளால் எழுதப்பட்டது. கே.கே. பிள்ளை 1953இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் பற்றிய பெருநூல் கல்வெட்டுகளையும் கோயில் ஆவணங்களையும் கொண்டு கட்டப்பட்டது. யார் எவ்வளவு நிலம் விட்டார், எந்தப் பூசைக்கு எத்தனை அளவு நெல் என்று எவரோ சலிப்பில்லாமல் எழுதி வைத்த வரிகளிலிருந்துதான் ஒரு சமூகத்தின் வாழ்வு மீட்கப்பட்டது. எழுதியவர்கள் தாம் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். அன்றைய கணக்கை அன்றே முடித்தார்கள், அவ்வளவே. நெல்லுக்கு அந்தக் கண்டிப்பைக் காட்டிய ஊர், பந்துக்கு அதைக் காட்டக்கூடாதா?

செய்ய வேண்டியது சிறிய வேலை. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநரின் மேசையில் ஒரு கெட்டி அட்டை நோட்டு. ஆட்டத்துக்கு ஒரு பக்கம். நாள், இடம், போட்டி, எதிரணி, முடிவு. இறங்கிய பதினொருவரின் முழுப்பெயர், வகுப்பு, ஊர். மாற்றாக இறங்கியவர், எந்த நிமிடம், யாருக்குப் பதில். கோல் அடித்தவர், நிமிடம், அதற்குக் கடைசியாகப் பந்து கொடுத்தவர். கோல்காப்பாளர் பெயர், வாங்கிய கோல்கள். நட்பு ஆட்டமா, போட்டி ஆட்டமா என்ற குறிப்பு. அடியில் எழுதியவர் கையொப்பம். ஒரு பக்கம் நிரப்பப் பத்து நிமிடம் போதும். ஆட்டம் முடிந்த அன்றே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் அது நினைவு. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் கறையானுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

பழைய கணக்கும் முற்றிலும் போய்விடவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய குழுப்படங்கள், பெட்டியடியில் மடித்து வைத்த செய்தித்தாள் துணுக்குகள், சில்லறைப் போட்டிகளின் துண்டறிக்கைகள், கோப்பைகளின் அடியில் பொறித்த ஆண்டுகள் ஆகியவை இன்னும் எஞ்சியிருக்கும். எழுபதைக் கடந்த ஆட்டக்காரர்கள் இருவரை எதிரெதிரே அமர்த்திப் பேசவிட்டு எழுதினாலே பாதி உண்மை வெளிவரும். இருவர் கூற்றும் முரண்படும் இடத்தில் இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்ற குறிப்போடு. தீர்ப்பைப் பின்னால் வருபவர் பார்த்துக்கொள்வார்.

பரணில் அத்தகைய படமொன்றை வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் வெறுமையாக இருந்தால், படத்தில் உள்ளவர்களில் ஒருவரேனும் உயிரோடு இருக்கும்போதே, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள்.